வெறும் மணல்

ஜேர்மனி
09.06.2024

என் அன்புக்குரிய டிலோஜனுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதைப் பற்றிக் கேட்டால் கீழே எழுதியிருக்கிறேன். மடு மாதா உங்களையும் மாமியையும் காக்கட்டும்.

ஏன் கடிதம் என்று சிரிப்பீர்கள். போனில் எதைக் கேட்டாலும் நீங்கள் "ஓம்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறீர்கள். தாளைக் கையில் தந்தால் இன்னொரு சொல்லாவது வராமலா போகும் என்ற நப்பாசைதான்.

மறிச்சுக்கட்டிக் காட்டோரத்தில் நாங்கள் ஆராய்ச்சிக்கென்று தோண்டி, நீங்கள் உழவு மெசினில் குலுங்காமல் ஏற்றி வந்த மண்ணைத்தான் இரண்டு வருடமாக இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடியில் அடுப்புக் கரியும் உடைத்த சின்னக் கற்களும். அதற்கு மேலே வெறும் மணல். மணலுக்கு மேலே திரும்பவும் கரி. உலகத்தின் வடக்கெல்லாம் பனி மலையாகக் குவிந்து கிடந்த காலம் அது. தண்ணீர் பனியாகி நின்றதால் நம் கடல் வற்றிப்போயிருந்தது. தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கால் நனையாமல் நடக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த ஆதி மனிதர், நம்மைப் போலவே முகமும் கையும் உள்ளவர்கள், அப்படித்தான் நம் கரையில் வந்து அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

பிறகு மழை பொய்த்ததால் அவர்கள் போய்விட்டார்கள், மழை திரும்பியதும் வந்தார்கள் என்று நான் எழுதினேன். பேராசிரியர் அந்த வரியை வெட்டிவிட்டார். வெறும் மணலைக் கண்டதும் ஆட்கள் போய்விட்டார்கள் என்று எழுதக் கூடாதாம். இருந்தவர்களின் அடுப்பைக் காற்றோ தண்ணீரோ அள்ளிக்கொண்டு போயிருக்கலாமாம். மனிசன் சொல்வது சரிதான். இங்கே படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இப்போது நானே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுப்பு என்றதும் தெற்குக் கரையில் வாடைக் காற்றுக் காலத்தில் மீன்பிடிக்க நாம் கம்பு நட்டுக் கிடுகு ஓலை வேய்ந்து தங்குகிற வாடி நினைவு வந்துவிட்டது. கலியாணம் முடித்த வருடம், சோளகக் காற்றுத் தொடங்கிக் கரையை விட்டு வெளிக்கிடும்போது, விறகுக்கென்று நான் ஒரு கம்பைப் பிடுங்கப் போக மாமி என் கையைப் பிடித்தாவே. "கிடுகைக் கழட்டு பிள்ளை, கம்பில கை வையாதை. கம்பைப் பிடுங்கினா இனி இஞ்ச வரமாட்டம் எண்டு அர்த்தம்." உங்கள் அண்ணன் றெனால்ட் கனடாவுக்குப் போக முதல் தன் வாடிக் கம்புகளைத் தானே பிடுங்கி அடுக்கினார். அன்று வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். இங்கே இன்னும் மூன்று வருட வேலை தருகிறார்கள். ஆகஸ்ட் முடிய முன் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்து வைத்தால் இடையில் விட்டு வர முடியாது. இங்கே என்னிடம் ஆய்வு செய்யப்போகிற இரண்டு பிள்ளைகளின் படிப்பு என்னை நம்பி இருக்கும். நீங்கள் கடலை விட்டு இங்கே வரமாட்டீர்கள் என்று தெரியும், கேட்டு உங்களை வருத்தமாட்டேன். என்னை வா என்று சொல்லுங்கோ, ஐப்பசியில் வந்துவிடுவேன். நீங்களே சொல்ல வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

உங்கள்
சுவேதினி


தாழ்வுபாடு
02.07.2024

சுவேதினி,

மாதாவின் காவல் உமக்கும் இருக்கட்டும். உமது கடிதத்தை அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. கம்புக் கதையில் தானும் வருவதில் அவவுக்குப் பெரிய சந்தோசம். கடைசிப் பகுதியை நான் வாசித்துக் காட்டவில்லை.

சோளகம் இந்த முறை பேய் பிடித்த மாதிரி அடிக்கிறது. நாங்கள் எல்லோரும் வடக்குக் கரையில்தான் தொழில். தண்ணீரில் காலை வைத்தால் வடித்த கஞ்சி போலச் சுடுகிறது. மீன் ஆழத்துக்குப் போய்விட்டது, நாங்களும் அதன் பின்னால் போகிறோம். உமது ஆதி மனிதரும் மான் போன பக்கம் இப்படித்தான் போயிருப்பார்கள். ஒன்று கேட்கிறேன். போகும்போது எல்லோரும் போனார்களா, அல்லது யாராவது பின்தங்கி நின்றார்களா, அதை மண்ணில் அறிய வழியுண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

வேலை விசயம். உமது படிப்பு, உமது விருப்பம். நான் குறுக்கே நிற்கிற ஆள் இல்லை என்று உமக்குத் தெரியும். மனிசி எப்ப வாறா என்று ஆட்கள் கேட்டால், அவ கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டு வலையைத் தைக்கிறேன். உமது அலுமாரியில் பூச்சி வராமல் வேப்பிலை வைத்திருக்கிறேன். நல்ல குளிர்ச் சட்டையாக ஒன்று வாங்கிப் போடும்.

டிலோஜன்


ஜேர்மனி
31.08.2024

டிலோஜன்,

உங்கள் கடிதத்தைத் தாள் கிழியும் மட்டும் வாசித்தேன். நான் கேட்ட சொல் அதில் இல்லை. வேப்பிலை இருந்தது. வேப்பிலை வைக்கிற மனிசன் என்னை வேண்டாம் என்று நினைக்கமாட்டார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, கையெழுத்து வைக்காமல் காத்திருந்தேன்.

போன கிழமை தங்கச்சி லக்சிகா படம் அனுப்பினாள். கோயில் இளைஞர் சபையோடு தெற்குக் கரையைத் துப்புரவாக்கப் போனவளாம். "அக்கா, அத்தான்ர வாடி இருந்த இடம்" என்று படத்தின் கீழே எழுதியிருந்தாள். வெறும் மணல். ஒரு கம்பு இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

உங்களைப் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் "ஓம்" என்பீர்கள். அந்த ஓமைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். நேற்றுக் கையெழுத்து வைத்துவிட்டேன்.

கோபமில்லை என்று எழுதத்தான் பார்க்கிறேன், பேனா வரமாட்டேன் என்கிறது. பிடுங்கும்போது மாமி பக்கத்தில் நின்றாவா? அவ ஒன்றும் சொல்லவில்லையா? என் உடுப்புகளை லக்சிகாவிடம் கொடுத்துவிடுங்கோ. அவளுக்கு அளவாக இருக்கும்.

சுவேதினி


தாழ்வுபாடு
19.09.2024

என்ர சுவேதினிக்கு,

கம்பை நான் பிடுங்கவில்லை.

உமது கடிதத்தை வாசித்த கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்குக் கரைக்குப் போனேன். சோளகம் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. அங்கே கரை உள்ளே வந்து கிடக்கிறது. எங்கள் அடுப்பு இருந்த இடத்தில் அலை வந்து போகிறது. மறிச்சுக்கட்டிக் காசிம் நானா மாடு பார்க்க வந்தவர், என்னைக் கண்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். ஆனி மாதம் கடல் ஏறி வந்ததைச் சொன்னார். "இத்தனை வருசமா நிண்ட கரை, ஒரு கிழமையில எடுத்துட்டுது தம்பி. உங்கட கம்பெல்லாம் மிதந்து போனதை நான் கண்டனான்." அவர் போகும் மட்டும் பொறுத்திருந்து அழுதேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

கம்பு போனதற்குக் கடலை ஏசலாம். நீர் கேட்ட சொல்லை நான் சொல்லாமல் விட்டதற்கு யாரை ஏசுவது? வா என்று சொன்னால் உமது படிப்பைக் கெடுத்தவன் ஆகிவிடுவேன் என்று பயந்தேன். மனிசியைத் தடுக்காத புருசன் என்று ஊரில் எனக்கு நல்ல பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டு தனியே இருந்து சோறு தின்கிறேன். உமது கதிரையில் யாராவது இருந்தால் எழுப்பிவிடுகிறேன், காரணம் கேட்டால் அதன் ஒரு கால் ஆடுகிறது என்று பொய் சொல்லுகிறேன்.

கையெழுத்து வைத்ததை அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. மருமகள் ஐப்பசியில் வருவா என்று மிளகாய்த்தூள் இடித்துப் போத்தலில் அடைக்கிறா. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நானும் பக்கத்தில் இருந்து மிளகாய்க் காம்பு உடைத்துக் கொடுக்கிறேன்.

உமது உடுப்பை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். வைத்த கையெழுத்தை அழிக்கச் சொல்லவும் மாட்டேன். உம்மை நம்பி நிற்கிற பிள்ளைகளை நடுவழியில் விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை நீர். உம்மால் வர முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

வாரும், சுவேதினி.

உமது
டிலோஜன்