மூன்றாவது நட்டு லூசாக இல்லை, சித்தி

சித்தி,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை ஏழரை மணிக்கு, வாயில் பேஸ்ட் நுரையோடு, உன் அக்கா மகன் நம் வாசலிலேயே டீசல் டாக்டராகப் பதவியேற்றான். பெரம்பலூர்க்காரர் ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஸ்டாண்டுல சொன்னாங்க, இங்க காது உள்ள தம்பி ஒண்ணு இருக்காமே" என்றார். இரண்டு காதும் இருப்பதாக அம்மா உறுதி செய்தாள். இயற்பியலில் முப்பத்தெட்டு வாங்கியதை மட்டும் மறைத்துவிட்டாள்.

அந்தக் கார் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. நான் கொட்டகைக்குப் போய், உன் காரின் சீட்டுக்கு அடியிலிருந்து அந்த நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தேன். பிடியில் இன்னும் உன் தேங்காய் எண்ணெய் வாசனை. நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, நீ செய்வது போலவே கண்ணையும் மூடினேன். "மூணாவது இன்ஜெக்டர்ண்ணே" என்றேன். அவருக்குச் சந்தோஷம். வண்டியில் ஏறும்போது சொன்னார், "அந்தம்மாவுக்கே புடிபடாதத புடிச்சவனாமே நீ."

அதற்குப் பிறகு இட்லி இறங்கவில்லை.

அரியலூர் ஸ்டேஷன் வாசல் கார் ஸ்டாண்டின் எட்டு டிரைவர்களில் நீ ஒருத்திதான் பெண். ரயிலை விட்டு இறங்கிப் பெரம்பலூர் போகிறவர்களை அவர்கள் கூவிக் கூவி அழைப்பார்கள். நீ காரில் சாய்ந்து சும்மா நிற்பாய். ஆனால் எவன் வண்டியாவது முனகினால் உன்னைத்தான் தேடுவார்கள். சத்தத்தைக் கேட்டே இது பெல்ட், இது பேரிங் என்று சொல்லிவிடுவாய். "எந்தச் சத்தமும் எங்கிட்ட பொய் சொல்லாதுடா" என்று ஒருநாள் மீன் குழம்பு கிண்டிக்கொண்டே சொன்னாய்.

எனக்கு அது பந்தயம் கட்டியது போல் ஆகிவிட்டது. சுண்ணாம்புக்கல் குவாரிப் பக்கம் பொறுக்கி வைத்திருந்த கல்லான சிப்பி ஒன்றை எடுத்தேன். உன் கார் இன்ஜினுக்கு அடியில் கல் தெறிக்காமல் இருக்க ஒரு தகடு இருக்கிறதே, அதன் மேல் சந்து வழியாகப் போட்டுவிட்டேன். மறுநாள் நீ வண்டியைக் கிளப்பியதும் டக் டக் டக். மதியம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நானும் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

நீ ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டாய். எடுத்தாய். மறுபடி வைத்தாய். "இது இன்ஜின் சத்தமே இல்லண்ணே. வச்சா கொறையுது, எடுத்தா கூடுது. வெளிய எதோ தட்டுது" என்றாய். அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாய், சித்தி.

ஸ்டாண்டுக்கே மூத்த டிரைவரான செல்வம் அண்ணன் விடவில்லை. "வெளிய தட்டுறது யாரு தங்கச்சி, வாடக கேக்க வந்தவனா?" என்று சிரித்துவிட்டு, வண்டி ஓடும்போதே இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகிற குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். எந்த இன்ஜெக்டருக்கு டீசல் நின்றதும் தட்டல் நிற்கிறதோ, கோளாறு அதில்தான். மூன்றாவதைத் தளர்த்தியதும் தட்டல் நின்றது. இன்ஜின் நடுங்குகிற விதம் மாறியதில் சிப்பி எங்கேயோ ஒதுங்கியிருக்கும். அது எனக்கு மட்டும் தெரியும். "பாத்தியா? காதுல தோடு மட்டுந்தான் நல்லாருக்கு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தோட்டை நீ விரலால் தொட்டுப் பார்த்தாய்.

புது இன்ஜெக்டர் போட்டும் தட்டல் திரும்ப வந்தது. நான்கு நாள் வண்டி ஓடவில்லை. நாளைக்கு அடித்தகட்டைக் கழற்றி இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். கழற்றினால் சிப்பி விழும், நான் மாட்டுவேன். அன்று சாயங்காலமே வண்டிக்கு அடியில் புகுந்து சிப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து, கையில் கிரீஸைத் தடவிக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்: "மூணாவது நட்டு லூசு. முறுக்கிட்டேன்."

நீ வண்டியைக் கிளப்பினாய். சத்தம் இல்லை. என் தலையைப் பிடித்து ஆட்டி, "என் அக்கா மவன் காதுப்பா" என்று ஸ்டாண்டு முழுக்கச் சொன்னாய். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அப்ப எனக்குத்தான் தப்பா கேட்டுருக்கு" என்றாய்.

அதன்பின் யார் வண்டியையும் நீ கேட்கவில்லை. கூப்பிட்டால், "பையன் வரட்டும்" என்பாய். உன் வண்டியைக்கூட என்னிடம்தான் கேட்டாய், "நல்லாருக்காடா?" என்று. நான் மண்டையை மண்டையை ஆட்டினேன். எத்தனை தடவை சொல்ல வாயெடுத்தேன் என்று எழுதலாம். எழுதினால் அதுவும் பொய். பெயர் நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டேன். தை மாதம் காமாலை வந்து எட்டே நாளில் போய்விட்டாய்.

இன்று பத்து மணிக்கு ஸ்டாண்டுக்குப் போய்ச் செல்வம் அண்ணனிடம் சிப்பியைக் காட்டிச் சொன்னேன். அடிப்பார் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். அவர் சிப்பியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்தப் புள்ள மொத நாளே சரியா சொல்லியிருக்கு."

"ஆமாண்ணே."

"நாந்தான் தோட்ட சொல்லிச் சிரிச்சேன்." சிப்பியைப் புரட்டிவிட்டு, "கடைசி வரைக்கும் அதுக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியாதுண்ணே."

சிப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சவாரி முடிந்து வந்த ஒவ்வொரு டிரைவரிடமும், வண்டியை அணைக்கக்கூட விடாமல், ஜன்னலில் குனிந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு பேருக்கும் தெரிந்துவிட்டது. தெரிய வேண்டிய எட்டாவது ஆள் நீ.

சிப்பி என் பேன்ட் பையில்தான் இருக்கிறது. நடந்தால் உன் கார் சாவியில் தட்டுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. காலையில் வந்தவருக்குப் போன் செய்து, "அண்ணே, தயவுசெஞ்சு நல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். ஸ்க்ரூ டிரைவரில் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை, சித்தி. மூணாவது என்றேனே, எனக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.