இன்னாசியின் லத்தீன் காக்கா

ஜூலை 2, செவ்வாய்

இன்னாசி பாலக்கரையிலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தான், கையில் ஒரு நோட்டு. காக்கா வடை கதையை லத்தீனில் எழுதியிருக்கிறான். நாற்பது பக்கம்! 31ஆம் தேதி அவனுக்கு எழுபது முடிகிறது. மகன் பிரவீன்ராஜின் பேக்கரியில் காக்கா கேக் செய்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் தமிழ் உரையோடு இந்தக் கதைப் புத்தகம். அச்சகத்தில் சொல்லி வைத்தாயிற்றாம்.

"நீ நல்லாருக்குன்னு சொன்னாத்தான்டா அச்சுக்குக் கொடுப்பேன். இந்த ஊர்ல இதைப் படிக்க எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

குருமடத்தில் லத்தீனில் நான் முதல். இவன் இரண்டு தடவை ஃபெயில். ஃபாதர் ஆகாமல் பாதியில் வெளியே வந்ததில் மட்டும் இருவரும் சமம்.

ஜூலை 4, வியாழன்

படித்துவிட்டேன். பாழாய்ப்போனவன், நன்றாக எழுதியிருக்கிறான்.

அவன் காக்கா குருமடத்துக் கூரையில் வளர்ந்தது. நரி அதைப் புகழவில்லை, பாடச் சொல்லவில்லை. மரத்தடியில் நின்று, விடியற்காலையில் எங்களை எழுப்புவார்களே, அதே குரலில் "பெனெதிக்காமுஸ் தோமினோ" என்கிறது. ஆண்டவரைத் துதிப்போம். அரைத் தூக்கத்தில் இருந்தாலும் "தேயோ கிராத்சியாஸ்", இறைவனுக்கு நன்றி, என்று நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும். காக்காவும் பழக்கதோஷத்தில் வாயைத் திறக்கிறது. வடை போயிற்று.

காபி புரையேறும்வரை சிரித்தேன். என் மனைவி சகாயம்மாள் ஓடிவந்து தலையில் தட்டினாள். இன்றுவரை நானும் அவனும் போனில் ஹலோ சொன்னதில்லை. அந்தத் துதியும் பதிலும்தான், ஐம்பது வருஷமாக.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? முதல் மார்க் வாங்கின எனக்கு?

ஜூலை 7, ஞாயிறு

பூசை முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். எங்கேயும் சிரிப்பே வரவில்லை என்றேன். அந்த எழுப்புகிற இடத்தில்கூடவா என்று கேட்டான். அதுதான் படுமோசம் என்றேன்.

"வடையில எண்ணெய் ஒத்தி எடுக்கத்தான்டா இது ஆகும்."

சிரித்தான். நோட்டை வாங்கி, அட்டையை வேட்டியில் துடைத்து, பழைய பேப்பர் கட்டின்மேல் வைத்தான். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேனோ?

ஜூலை 12, வெள்ளி

அச்சகத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். பிரவீன்ராஜ் போன் செய்து, நல்லவேளை அங்கிள், அப்பா மானத்தைக் காப்பாத்துனீங்க என்றான். இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

ஜூலை 31, புதன்

கேக் மேல் சாக்லேட் காக்கா, வாயில் வடை. முதல் துண்டை அங்கிள்தான் வெட்ட வேண்டும் என்று பிரவீன்ராஜ் கத்தியை என் கையில் கொடுத்தான். கழுத்தில் வெட்டினேன்.

பிறகு நிஜ வடை வந்தது. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு தாள். நோட்டைக் கிழித்திருக்கிறான்! "நீ சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன்டா" என்றான் இன்னாசி. எல்லாரும் சிரித்தார்கள், அவனும்தான்.

சகாயம்மாள் மட்டும் தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அந்தக் காக்கா நோட்டுல்ல? ஏண்ணே கிழிச்சீங்க? இதைப் படிச்சிட்டு இவரு சிரிச்ச சிரிப்புல புரையேறிப் போச்சே. நான்தான் தலையில தட்டினேன்."

இன்னாசி என்னைப் பார்த்தான். திட்டியிருக்கலாம். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம் — வாங்கிக்கொண்டிருப்பேன். வடைத் தட்டை அடுத்தவரிடம் நீட்டினான்.

என் தாளில் நரி மட்டும்தான் இருந்தது. காக்காவின் பதில் வேறு யார் வடைக்கு அடியிலோ.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டம், பஸ்ஸைத் திருப்பி விடுகிறார்கள். அவன் வீட்டுக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது.

ஆகஸ்ட் 7, புதன்

அந்த இடத்தை நானே லத்தீனில் எழுதிப் பார்த்தேன். பிழையே இல்லை. சிரிப்பும் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போன் செய்தேன். எடுத்தான்.

"பெனெதிக்காமுஸ் தோமினோ" என்றேன்.

காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவன் "தேயோ கிராத்சியாஸ்" சொல்லாமல் இருந்ததில்லை.

"சொல்லுங்க சார்" என்றான்.

ஒரு கிலோ கேக் வேண்டும் என்றேன். போனை மகனிடம் கொடுத்துவிட்டான்.