ஆப்பிள் மரத்தடியில் நட்ட கிழங்குகள்

விபோர்க்,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

என் ஜதுக்குஞ்சுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ போன இடத்தில் குளிர் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். கோப்பன்ஹேகனில் நீ தோட்டவேலை படித்த காலத்தில் உனக்குக் கடிதம் எழுதுவேன், நீ டெலிபோனில் பதில் சொல்லுவாய், அந்தப் பழக்கத்தில்தான் இப்போதும் எழுதுகிறேன். ஆவணிக் கடைசியில் அந்த லொறி உன் சைக்கிளை அடித்தது, உன்னுடைய முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அப்பா திரும்ப வேலைக்குப் போகிறார், கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே கொண்டுவருகிறார். தங்கச்சி மேனுஜா உன் அறையில்தான் படுக்கிறாள்.

காரியத்துக்குச் சமைக்கும்போது வெங்காயம் போதாமல் போய்விட்டது. கராஜில் உன் வேலைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் இரண்டு கடதாசிப் பைகளில் சின்ன வெங்காயம் இருந்தது, நீதான் வாங்கி வைத்திருக்கிறாய் என்று இரண்டையும் ஒரே கூடையில் கொட்டினேன். சமையலுக்கு உதவ வந்த விமலராணி அக்காவும் நானும் இருந்து உரித்தோம். இதென்ன மனோ, மணமும் இல்லை, கண்ணும் எரியேல்லை, டென்மார்க்கில வெங்காயத்துக்கும் ரோசம் இல்லாமல் போச்சோ என்று அக்கா கேட்டார். அன்று முழுக்க அந்தக் குசினியில் சிரிப்புக் கேட்டது அந்த ஒருதரம்தான். பழுதான வெங்காயம் என்று உரித்ததையெல்லாம் குப்பையில் போட்டோம், மிச்சம் கூடையில் கிடந்தது.

போன கிழமை பியர்கிட் டெலிபோன் எடுத்தா, நீ படிப்பு முடித்த நாளிலிருந்து பார்த்துவந்த தோட்டத்தின் சொந்தக்காரி. மேனுஜா டெனிஷில் கதைத்துவிட்டு வந்து, அம்மா, அண்ணா துலிப் பூக்கிழங்கு வாங்கி வைச்சவராம், எங்கை என்று கேட்டாள். கிழங்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை, வெங்காயம்தான் கிடக்கு என்றேன். அவள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்து, அம்மா, இதுதான் அந்தக் கிழங்கு என்றாள்.

இன்று மூன்று பேரும் அந்தக் கூடையோடு அங்கே போனோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பழைய செடிவேலிதான், உள்ளே இவ்வளவு இருக்கும் என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. செம்பு நிற இலைகள் கால் புதையக் கொட்டிக் கிடந்தன. மரங்கள் எங்களைவிட வயது கூடியவை, கற்களில் பாசி, பூத்து முடிந்த செடிகள் வெட்டாமல் காய்ந்தபடி நின்றன. குளிருக்கு அவையே போர்வை, வெட்ட வேண்டாம் என்று நீ சொன்னாயாம். நீ கோடையில் வெட்டிவிட்ட வேலி ஒரு முழம் வளர்ந்திருந்தது. வேறு ஆளைப் பிடிக்க மனம் வரவில்லை என்றா பியர்கிட். அப்பா அந்த வேலியில் கையை வைத்துக்கொண்டு நின்றார், கூப்பிட்டும் வரவில்லை.

வெங்காயக் கதையை மேனுஜா சொன்னபோது பியர்கிட் வாயைப் பொத்தினா, சிரிக்கிறாவோ அழுகிறாவோ தெரியவில்லை. பிறகு சொன்னா, ஒரு பை வெள்ளைப் பூ, அது தன்னுடைய ஆப்பிள் மரத்தடிக்கு. மற்றப் பை எங்கள் வீட்டு வாசலுக்கு, அம்மாவுக்கு என்று நீயே சொன்னாயாம். நிறம் கேட்டதற்கு, வசந்தத்தில் அம்மாவே பார்க்கட்டும் என்று சிரித்தாயாம். இப்போது கலந்து கிடக்கிறதே, எது எது என்று கேட்டேன். அவ ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினா. பூக்கும்வரை யாருக்கும் தெரியாதாம்.

பாதியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி நின்றா. நான் மாட்டேன் என்றேன். அவவுக்கு நீ கொடுத்த சொல் அது, எங்கள் வாசலுக்கு என்று பிரிக்கப்போய், வெள்ளை ஒன்றுகூட அவவுக்குக் குறையக் கூடாது. முழங்காலிட்டு எல்லாவற்றையும் அந்த மரத்தடியில் நானே நட்டேன், கூர்ப் பக்கம் மேலே, ஒரு சாண் ஆழம். மண் சில்லிட்டிருந்தது. நீ கொத்திப் பதப்படுத்திய மண் என்பதால் கை சுலபமாக இறங்கியது. விழுந்து கிடந்த ஆப்பிள்களை அப்பா பொறுக்கி ஒரு பக்கம் சேர்த்தார். சித்திரையில் பூக்கும்போது வரச்சொல்லியிருக்கிறா, வருவோம்.

கடவுள் உன்னைத் தன் காலடியில் வைத்திருக்கட்டும். எங்கே இருந்தாலும் தலையை மூடிக்கொள், ஈரத்தோடு திரியாதே. மேனுஜாவைக் கனவிலாவது ஒருதரம் வந்து பார், பிள்ளை உன்னைத் தேடுகிறாள்.

உன் அம்மா,
மனோரஞ்சிதம்

நாங்கள் உரித்துக் குப்பையில் போட்டதெல்லாம் என் பையில் இருந்தவையாகி, சித்திரையில் வெள்ளை மட்டும்தான் பூத்ததென்றால், எனக்கென்று நீ வாங்கியது என்ன நிறம், குஞ்சு?