நான் நீக்கிய பத்தி

2024 பிப்ரவரி 12

சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மதியம் டைரக்டர் கூப்பிட்டார். நாகர்கோவில் தலைமை மருத்துவமனைக்கும் கன்னியாகுமரி, மார்த்தாண்டம் கிளைகளுக்கும் சேர்த்து மூன்று வருடக் கணினித் திட்டம் எழுத வேண்டுமாம்.

"எல்லாரும் கிளவுடுக்குப் போயாச்சு பிந்து. நாம மட்டும் ஒரு ரூம்ல ஏசி போட்டு சர்வரத் தூங்க வச்சிட்டிருக்கோம்."

கிளவுடு என்றால் பதிவெல்லாம் வெளி நிறுவனத்தின் கணினியில் இருக்கும், இணையம் வழியாகத்தான் திறக்க முடியும். எங்கள் சர்வர் அறை ஜேசுதாஸ் அண்ணனின் பொறுப்பு. நெட்வொர்க் என்னுடையது. இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், பதினேழு வருடத்துக்கு முன்னால்.

பிப்ரவரி 15

அண்ணனிடம் சொன்னேன். கோபப்படவில்லை.

"கொண்டு போ பிள்ள, வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா நோயாளிகளுக்க பதிவு, ஒரு நகல் ஒவ்வொரு கிளைலயும் கெடக்கட்டும். சின்னதா ஒரு சர்வர் போதும். லைன் போச்சுன்னா டாக்டர் எதப் பாத்து மருந்து குடுப்பாரு?"

சரியான பேச்சு. இரண்டாம் பக்கத்தில் ஒரு முழுப் பத்தியாக எழுதிவிட்டேன். அந்தச் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அண்ணன் வேலையும் போகாது.

பிப்ரவரி 18

ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. டைரக்டர் போனில்: "பாதி அங்க, பாதி இங்கன்னா போர்டு கேக்காது. ஒரே பதிலா எழுது. இதுக்கு உன்னைத்தான் மேனேஜராப் போடப் போறேன்."

பத்தியை நீக்கிவிட்டேன். அந்த இடத்தில் ஒரே வரி: 'இரு நிறுவனங்களிடமிருந்து இணைய இணைப்பு இருப்பதால் தடை ஏற்பட வாய்ப்பில்லை.' தப்பில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அப்படியானால் ஏன் அதை நீக்க அவ்வளவு நேரம் எடுத்தது?

பிப்ரவரி 21

போர்டு ஒப்புக்கொண்டது. அண்ணன் கேட்டார், "நம்ம பத்தி என்னாச்சு?"

"வச்சேன் அண்ணே. அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

ஜூன் 28

மூன்று வாரமாக அண்ணனே உட்கார்ந்து எல்லாக் கோப்புகளையும் கிளவுடில் ஏற்றினார். யாருடையதும் ஒன்றுகூட விடுபடவில்லை. இன்று கடைசிச் சர்வரை அணைத்தார். பழகிய இரைச்சல் நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது. டைரக்டர் சால்வை போட்டார், படம் எடுத்தார்கள்.

அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. வேலை போன வருத்தமாக இருக்கும்.

ஜூலை 30

எல்லாம் வேகமாக ஓடுகிறது. ஒரு புகாரும் இல்லை. மேனேஜர் ஆகிவிட்டேன்.

நவம்பர் 14

எழுதத்தான் வேண்டும்.

காலையிலிருந்து மழை. ஒன்பதரைக்குக் கன்னியாகுமரிக் கிளையில் இணைப்பு போயிற்று. சாலை தோண்டிய இயந்திரம் கேபிளை அறுத்துவிட்டது. இரண்டாவது இணைப்புக்கு மாற வேண்டும், மாறவில்லை. இரண்டு நிறுவனங்களும் ஒரே பள்ளத்தில் கேபிள் போட்டிருக்கின்றன. இது எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஏசுஅடிமை என்பவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடல் தொழில், வயது ஐம்பத்தெட்டு. மூளையில் ரத்தம் அடைத்துப் பேச்சு போய்விட்டது. அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு, எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் ரத்தத்தை இளக்கும் மாத்திரை தின்கிறவருக்கு அதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. மகளுக்குத் தெரிந்தது, "ஏதோ வெள்ள மாத்திர தின்னும்" என்பது மட்டும். விவரமெல்லாம் பதிவில் இருக்கிறது. பதிவு கிளவுடில் இருக்கிறது.

இப்ப வந்துரும், இப்ப வந்துரும் என்று ஐம்பது நிமிடம் காத்திருந்திருக்கிறார்கள். பிறகுதான் யாருக்கோ தோன்றி என்னைக் கூப்பிட்டார்கள். நான் நாகர்கோவிலில் திறந்து போனில் வாசித்தேன். அது வெறும் பிரஷர் மாத்திரை. அதன்பிறகுதான் ஊசி போட்டார்கள். வந்த உடனேயே போட்டிருக்கலாம்.

பின்னால் மகள் கத்துவது போனில் கேட்டது. "எங்கப்பாவ ஏன் இப்பிடிப் போட்டு வச்சிருக்கிய?"

நவம்பர் 15

உயிர் இருக்கிறது. பேச்சு இல்லை. வலது கை அசையவில்லை.

எல்லோரும் 'மழை, லைன் கட்' என்கிறார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தராவது கேளுங்களேன்.

2025 பிப்ரவரி 10

பெங்களூரிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்து படம் போட்டுப் பேசினார். எல்லாவற்றையும் கிளவுடில் வைத்தவர்கள் முக்கியமானதைத் திரும்பத் தங்கள் இடத்துக்கே கொண்டுவருகிறார்களாம். கிளைக்கு ஒரு சின்னச் சர்வர், அதில் ஒரு நகல். இதுதான் இப்போதைய போக்காம். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நான் அழித்த பத்தி, ஏறக்குறைய அதே வார்த்தைகள்.

யாரையாவது வேலைக்கு வைத்துக்கொள், என்றார் டைரக்டர்.

மார்ச் 2

மயிலாடிக்குப் போனேன். அண்ணன் சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். இப்போது திருநெல்வேலியில் கேமரா மாட்டும் கடையில் வேலை. அவர் மனைவி அஜிதா டீ வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"பத்தி விஷயந்தானே?"

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒனக்க கோப்பையும் ஏத்தினது நாந்தானே பிள்ள. ரெண்டும் கெடந்து. பதினஞ்சாந்தேதி உள்ளதுல பத்தி இருந்து. பதினெட்டாந்தேதி உள்ளதுல இல்ல. போர்டுக்குப் போனது ரெண்டாவதுலா?"

"அப்பவே ஏன் கேக்கல்ல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவ. அதக் கேக்க எனக்கு மனசில்ல."

திரும்பி வரச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினார். "கோவம் இல்ல, கேட்டியா? அங்க வந்தா தெனமும் ஒனக்க மொகத்தப் பாக்கணும்லா."

ஏசுஅடிமையைப் பற்றியும் சொன்னேன். அண்ணன் டீயைக் கீழே வைத்தார். பிறகு, "இப்ப கை அசையுதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

வண்டியை எங்கெங்கோ நிறுத்தி நிறுத்தித்தான் வீடு வந்தேன்.

ஏப்ரல் 22

மூன்று இடத்திலும் சர்வரை நானே நின்று வைத்தேன். இன்று மார்த்தாண்டத்தில் மதியம் ஒரு மணிக்கு லைன் போயிற்று. டாக்டர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. பதிவு எப்போதும்போலத் திறந்தது.

டைரக்டர் சிரித்தார். "அந்த ஆலோசகர் சொன்னது சரியாப் போச்சு பாத்தியா."

"அது ஜேசுதாஸ் அண்ணன் சொன்னது சார். போன வருஷமே."

"எந்த ஜேசுதாஸ்?"

சொன்னேன். அண்ணன் சொல்லி நான் எழுதிய பத்தியை, அதை நான் நீக்கியதை, கன்னியாகுமரியில் நடந்ததை, எல்லாவற்றையும். டைரக்டர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கு பிந்து அதெல்லாம்? சரியாயிருச்சுல்லா."

மூன்று மணிக்கு லைன் வந்தது.