ஏரிக்கரையில் ஏறியவர்கள்

செப்டம்பர் 16, 2025, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை. மூன்று நாளாக "நாளைக்கு சார்" என்கிறான். "போன்ல கத்தாதே அண்ணா, அப்புறம் அவன் வரவே மாட்டான்" என்றாள் ஐரின். நான் கத்தவில்லை. கொஞ்சம் உரக்கப் பேசினேன், அவ்வளவுதான்.

நவம்பர் ஒன்பதாம் தேதி ஸ்ரீராம்புரத்தில் எங்கள் பழைய ஊர் மாரேரியின் ரயில் நினைவுக் கூட்டம். வழக்கம்போல நான்தான் பேச்சாளர். ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன், அதோடு அந்த ரயிலை ஓட்டிய சவரிமுத்துவின் மகன். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

எழுத உட்கார்ந்ததும் தானாக வந்தது. நாலே பெட்டி. காலையில் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி. அதில் தங்கச் சுரங்கத்துக்கு ஆள் போனார்கள், ஐரின் போன்ற பிள்ளைகள் படிக்கப் போனார்கள், பூக்கூடை போனது, பால் கேன் போனது, பிரசவ வலியோடு பெண்கள் போனார்கள். எண்பத்தெட்டில் ரயிலை நிறுத்தினார்கள். இரண்டே வருஷத்தில் பாதி ஊர் நகரத்துக்கு, ஸ்ரீராம்புரத்துச் சந்துகளுக்குக் குடி வந்துவிட்டது. இப்போது தண்டவாளம் இருந்த இடத்தில் தைலமரம் நிற்கிறது.

பேச்சின் நடுவே பஸ் அருளப்பன் வருவார். எப்போதும் வருவார். தன் பஸ் ஓடுவதற்காக மனுப் போட்டு ரயிலை ஒழித்த மனிதர். அந்த இடத்தில் கைதட்டல் நிச்சயம்.

செப்டம்பர் 25, வியாழன்

லீனா போன் செய்தாள். அவள் அம்மாவுக்கு மாரேரிதான் பூர்வீகம். மென்பொருள் கம்பெனியில் வேலை, ஆனால் மூச்சுக்கு மூச்சு ரயில்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பாதையை மூடிய கோப்பைக் கேட்டிருந்தாள். வந்துவிட்டதாம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"அங்கிள், அருளப்பனோட பெட்டிஷனும் உள்ள இருக்கு போல. இன்னும் படிக்கல. உங்களுக்கு ஒரு காப்பி அனுப்புறேன்."

முப்பத்தெட்டு வருஷமாக வாயால் சொன்னதற்குக் கடைசியில் அத்தாட்சி! சிவாஜிநகர் அச்சகத்தில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து மேடையிலேயே மாட்டவேண்டும். ஐரினிடம் சொன்னேன். "ஓ" என்றாள். அருளப்பன் பேச்சு வந்தாலே அவள் அவ்வளவுதான்.

செப்டம்பர் 29, திங்கள்

பொட்டலம் வந்தது. பிரித்தேன்.

பக்கம் 34. அது என் கையெழுத்து.

என் கையெழுத்து. கடவுளே.

செப்டம்பர் 30, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்று நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலாவது புரிகிறதா பார்ப்போம்.

1987 அக்டோபர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். மாரேரி ஸ்டேஷனில் ஏழு நாள் உட்கார்ந்து, ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணி எழுதச் சொன்னார்கள். வருஷா வருஷம் எங்காவது நடக்கிற வேலை. யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். எழுதினேன், கொடுத்தேன், மறந்தேன்.

ஏறியவர்கள்: 3. இறங்கியவர்கள்: 2. மறுநாள் 5, 4. அடுத்த நாள் 2, 2.

அந்த எண்களில் பொய் இல்லை. ஸ்டேஷனில் அவ்வளவு பேர்தான் ஏறினார்கள். ஏனென்றால் ஸ்டேஷன் ஊரில் இல்லை. கல்குவாரிக்காகக் கட்டியது. குவாரி மூடிய பிறகு முள்காட்டில் தனியாக நின்றது. ஊரிலிருந்து ஒன்றரை மைல். அதனால் ஊர் ஜனம் மொத்தமும் ஏரிக்கரை வளைவில்தான் ஏறும். அப்பா அங்கே நடக்கிற வேகத்துக்கு வண்டியைக் குறைப்பார். கிழவிகள் வந்தால் நிறுத்தியே விடுவார். இறங்குவதும் ஜங்ஷனில் இல்லை, சிக்னலுக்காக வண்டி நிற்கும் அவுட்டரில். தினம் நாற்பது பேருக்குக் குறையாது. இந்த நாற்பது பேரும் எந்த ஸ்டேஷன் கணக்கிலும் கிடையாது.

எனக்கு இது தெரியும். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்துக்குப் பத்து வருஷம் நானே அங்கேதான் ஏறினேன். ஆனால் எழுதினால் அப்பா வேலை போயிருக்கும். அனுமதியில்லாத இடத்தில் வண்டியை நிறுத்துவது சாதாரணக் குற்றமா? குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோடு கூட நேராக இருக்கிறது.

பக்கம் 58: "மாரேரியில் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு பயணிகளே ஏறுவதால் இப்பாதையைத் தொடர்ந்து இயக்குவதில் பயனில்லை."

நான்கு. நான் கொடுத்த நான்கு.

அக்டோபர் 1, புதன்

ஐரின் இரண்டு தடவை கேட்டாள், உடம்பு சரியில்லையா என்று. வயிறு என்றேன். ரசம் வைத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 3, வெள்ளி

அருளப்பன் மனுவை மூன்று நாளாகப் புரட்டாமல் வைத்திருந்தேன். அதிலாவது அவர் அயோக்கியராக இருக்கவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் இன்று படித்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஆமாம், வேண்டிக்கொண்டேன்.

பக்கம் 71. தமிழில் எழுதி, கீழே யாரையோ வைத்து இங்கிலீஷில் டைப் செய்திருக்கிறார்.

"ஐயா, மாரேரி ரயிலை நிறுத்தப்போவதாகக் கேள்விப்பட்டேன். நான் பஸ் வைத்திருப்பவன். மழைக்காலத்தில் என் பஸ் ஏரி வாய்க்காலைத் தாண்டாது. ரயில் இல்லாவிட்டால் ஜனங்கள் செத்துப் போவார்கள். ஸ்டேஷனில் ஆள் எண்ணியது தவறு. ஏரிக்கரையில் தினம் நாற்பது பேர் ஏறுகிறார்கள். தயவுசெய்து அங்கே வந்து எண்ணவும். டிரைவர் நல்லவர், அவர்மேல் நடவடிக்கை வேண்டாம்."

டிரைவர் நல்லவர். என் அப்பாவைச் சொல்கிறார்.

அதற்கடுத்த பக்கத்தில் நான் மறுபடியும் இருக்கிறேன். இன்ஸ்பெக்டர் ஒருவர் என்னைத் தேடி வந்தது இப்போது கண்ணெதிரே நிற்கிறது. "ஏரிக்கரையில ஆள் ஏறுறாங்களாமே, மனு வந்திருக்கு" என்றார். யார் கொடுத்தது என்று கேட்டேன். "பஸ் அருளப்பன்." அப்பாவை மாட்டிவிடத்தான் எழுதியிருக்கிறான் என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. "பொய் சார், அங்கே யாரும் ஏறுறதில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மனுவைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அருளப்பன் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார், நான் போய் அதைச் சாத்தியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னேன். அப்போது ஐரினுக்கும் அருளப்பன் மகன் மைக்கேல்ராஜுக்கும் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தால் கல்யாணம். அப்பா பங்குச் சாமியாரிடம் போய் இரண்டாவது ஓலையை நிறுத்திவிட்டு வந்தார். காட்டிக்கொடுத்தவன் வீட்டில் பெண் கொடுப்பதா என்று கேட்டார். நானும்தான் கேட்டேன். அப்பாவைவிட உரக்கக் கேட்டேன். ரயில் நின்றதும், அந்த மனுவால்தான் நின்றது என்று ஊரெல்லாம் சொன்னதும் நான்தான்.

ஐரின் அதன் பிறகு வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு வருஷம் டீச்சர் வேலை பார்த்தாள். என் மனைவி போன பிறகு எனக்குச் சமைத்துப் போட இங்கே வந்தாள்.

இப்போது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 8, புதன்

லீனா முழுவதும் படித்துவிட்டாள். எண்ணியவன் கையெழுத்து கிறுக்கலாக இருந்ததால் யாருடையது என்று தெரியவில்லை.

"அங்கிள், நாம நினைச்சதெல்லாம் உல்ட்டா! அருளப்பன் பாவம். யாரோ ஒரு கிளார்க் உட்கார்ந்த இடத்துலயே எண்ணி ஊரையே கெடுத்துட்டான். யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"விசாரிக்கிறேம்மா" என்றேன். விசாரிக்கிறானாம்! தூ.

ஐரினிடம் சொல்லாமலேயே இருந்துவிட்டால் என்ன? அறுபது வயதில் இதைத் தெரிந்துகொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள்? இப்படிக் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்காகக் கேட்கிறேனா, அவள் போய்விட்டால் தனியாக இருக்கவேண்டுமே என்று கேட்கிறேனா? இரண்டாவதுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். பக்கம் 34, 71, 72 மூன்றையும் மேசைமேல் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். மனுவை மட்டும் இரண்டு தடவை.

அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்றுகூட நினைத்தேன்.

"மைக்கேல் அன்னிக்கே சொன்னாரு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அவுட்டர்ல இறங்கினப்போ பின்னாடியே ஓடி வந்தாரு. எங்கப்பா ரயிலைக் காப்பாத்தத்தான் எழுதினாரு, வேணும்னா உங்கண்ணனையே கேளுன்னாரு. நான் வந்து உன்னைக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இருந்தது. கிணற்றடியில் கேட்டாள். "அவன் அப்பனுக்காகப் பொய் சொல்றான்" என்று சொன்னேன்.

"நீ அங்க உக்காந்து எண்ணினவன். உனக்குத் தெரியாததா அவருக்குத் தெரியப்போகுதுன்னு உன்னை நம்பினேன்."

எழுந்து போய்ச் சாதத்தை இறக்கினாள். எனக்குத் தட்டு வைத்தாள். தான் சாப்பிடவில்லை.

அக்டோபர் 15, புதன்

ஐரின் சமைத்து மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுகிறாள்.

அக்டோபர் 18, சனி

தொட்டி கழுவுகிறவன் வந்தான். "தண்ணி வந்திருக்கு, மோட்டார் போடு" என்றாள் ஐரின். என்னிடம் இல்லை, அவனிடம்.

அக்டோபர் 22, புதன்

லீனாவிடம் சொன்னேன். அந்த கிளார்க் நான்தான் என்று. "கூட்டத்துல நீங்களே சொல்லணும் அங்கிள். நான் சொல்ல மாட்டேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்குத் தனித்தனியாகப் போனோம். நான் போனபோது அவள் ஏற்றிய மெழுகுவர்த்தி பாதி எரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தால் மேசைமேல் கோடு போட்ட தாள் ஒன்று இருந்தது. பேனாவும் இருந்தது. ஐரின் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"எழுது" என்றாள். இருபது நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"என்ன எழுதணும்?"

"ஏரிக்கரையில ஏறினவங்க. ஒவ்வொருத்தரா. நம்பர் போட்டு."

"இப்போ எழுதி என்ன ஐரின், ரயிலா வரப்போகுது?"

"ரயிலுக்கு இல்ல. எழுது."

ஒன்று என்று எழுதி நிமிர்ந்து பார்த்தேன்.

"ஐரின்" என்றாள். "அந்த ஏழு நாளும் நானும் அங்கதானே ஏறினேன்? கூடப் பொறந்தவ. என்னைக் கூட எண்ணலையே நீ."

எழுதியது கோணலாகத்தான் வந்தது. அவள் காத்திருந்தாள்.

இரண்டு, மைக்கேல்ராஜ். பஸ் முதலாளி மகன், அவள் ஏறுகிறாள் என்பதற்காக ரயிலில் வருவான். இது ஊருக்கே தெரியும். மூன்று, பூக்காரத் தமயந்தி. நான்கு, அவள் மாமியார். ஐரின் சொல்லச்சொல்ல எழுதினேன். முப்பத்தொன்று வரை அவளுக்கு நினைவிருந்தது. இன்ன பெட்டியில் இன்னார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னாள்.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதி வைத்திருந்த பேச்சைக் கொண்டுபோகவில்லை. சொன்னேன். எண்ணியது நான். பொய் எழுதிக் கொடுத்தது நான். அருளப்பன் நமக்காக எழுதினார், அவரை நான்தான் இத்தனை வருஷம் இந்த மேடையில் திட்டினேன்.

அடிப்பார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். பூக்காரத் தமயந்தி எழுந்தாள். எண்பது வயதிருக்கும்.

"இன்னா தம்பி நீ. பெத்தவனைக் காட்டிக்குடுக்க முடியுமா? யாரா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பாங்க. வுடு."

ஆமாம் ஆமாம் என்று பலர் தலையாட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரை விட்டு வந்தவர்கள், பத்துக்குப் பத்து அறையில் பிள்ளை வளர்த்தவர்கள், ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு ஐரின் அந்தத் தாளைப் படித்தாள். "என் பேரு போட்டியா டீச்சரம்மா?" "எங்க அண்ணன் பேரு வுட்டுப்போச்சே!" என்று கூட்டம் மேடையைச் சுற்றிக்கொண்டது. அழுதவர்களும் உண்டு, இடித்துக்கொண்டவர்களும் உண்டு. முடிவில் நாற்பத்து மூன்று பேர். அந்த வாரத்தில் ஒரு நாளைக்கு.

நவம்பர் 15, சனி

காலையில் ஐரின் அத்திபெலேக்குப் பஸ் ஏறினாள். மைக்கேல்ராஜ் அங்கேதான் மகன் வீட்டில் இருக்கிறார். மனுவின் நகலும் நாற்பத்து மூன்று பெயர்கள் எழுதிய தாளும் பையில். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம். நீ எழுதினது போதும்" என்றாள்.

நாள் முழுவதும் எதையும் செய்ய முடியவில்லை. நாலரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, உட்கார்ந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

"அவர் சம்சாரம் நல்லவங்க. சாப்பிட வெச்சுத்தான் அனுப்பினாங்க" என்றாள். "அவருக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியல. மனுவை அவங்கதான் படிச்சுக் காட்டினாங்க. மறுபடி படி, மறுபடி படின்னு மூணு தடவை கேட்டாரு. அவங்கப்பா சாகறவரைக்கும் ஊர்ல யாரும் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகலையாம்."

"என்னைப் பத்தி என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. பேர் எல்லாத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டாரு. ஒருத்தர் குறையுறாரு, உங்கண்ணனை எழுதச் சொல்லுன்னாரு."

பையிலிருந்து தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். மழைநாளில் பஸ் தாண்டாது அல்லவா? பஸ் முதலாளி ரயிலில் போகிறாரே என்று யாராவது சிரித்துவிடப்போகிறார்கள் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசிப் பெட்டியில் ஏறுவாராம். நான் எண்ணிய அந்த ஏழு நாளும் மழை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினேன்.

44. அருளப்பன்.