பரிசு பெற்ற சுவர்

அக்கா, இதை யாரிடமும் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு.

லாரி கவிழ்ந்து அம்மா இறந்த பிறகு பள்ளிச் சுவரில் நீ வரைந்த ஓவியத்துக்கு ஆளுநர் அலுவலகம் பரிசு அறிவித்திருக்கிறது. கொடுக்க நாளை அமைச்சர் வருகிறார். நேற்று அதிகாரி ஒருவர் அப்பாவிடம் வந்தார்.

"ஆலிவ் பறிக்கப் போற பொம்பளைங்க இருக்கட்டும், ஹாஜி. அவங்களை அடைச்சு ஏத்திட்டுப் போற லாரியை மட்டும் அழிச்சிடுங்க. துனிஸ் நகரத்துல இருக்கற உங்க பொண்ணுக்குத் தெரியவா போகுது?"

அப்பாவே லாரியின் மேல் சுண்ணாம்பு அடித்தார். பெண்கள் எல்லோரும் இப்போது காற்றில் நிற்கிறார்கள். அம்மாவின் சிவப்பு முக்காடும் அவர்கள் நடுவில்தான் இருக்கிறது.

இன்றிரவு நீ விட்டுப்போன நீலச் சாயத்தை எடுத்துப்போய் லாரியை மறுபடி வரைந்துவிட்டேன். இருட்டில் சக்கரம் கோணலாகிவிட்டது. நீ எழுதாமல் விட்ட வண்டி எண்ணையும் எழுதினேன். அது எனக்கு மனப்பாடம்.

கதவைத் தட்டுகிறார்கள். கையில் இன்னும் நீலம் இருக்கிறது. கழுவப் போவதில்லை.