நீ எனக்கென்று பிட்ட பாதி

அண்ணா,

போன வாரம் அண்ணி அந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நோயாளிக்குச் சாமியார் நற்கருணை அப்பம் கொண்டுவரும்போது மேசைமேல் விரிப்பதற்கென்று நீல நூலில் சிலுவை போட்டு அம்மா தைத்தாளே, அதுதான். பிரித்தேன். மெழுகுவர்த்தி வாசனையும் பாச்சை உருண்டை வாசனையும் கலந்து வந்தன. ஓரத்தில் ஒரு சொட்டு மெழுகு காய்ந்து ஒட்டியிருந்தது. மாதாமாதம் முதல் வெள்ளியன்று உன் வீட்டுக்கு வந்த சாமியார் கடைசியாக வந்த அன்று விழுந்த சொட்டு அது. விழும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்க்காமலிருக்க எனக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

உன்மேல் எனக்கு இரண்டு கோபங்கள் இருந்தன. உனக்கும் தெரியும்.

முதலாவது, என் ஒன்பது வயதில். நம் இருவருக்கும் சேர்த்துப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் மெழுகுவர்த்தி. நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடக்கூடாது என்பது கோயில் சட்டம். எழுந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பது அம்மா சட்டம். நான் கோயிலுக்கு எதிரே இருந்த பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்கி, சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் நின்று தின்றுவிட்டேன். வரிசை நகர ஆரம்பித்ததும் நீ சிஸ்டரின் முக்காட்டைப் பிடித்து இழுத்துச் சொன்னாய்: “சிஸ்டர், இவன் பன் தின்னுட்டான்.”

அத்தனை பேர் முன்னால் என்னை வெளியே இழுத்து நிறுத்தினார்கள். “ஏன்டா சொன்ன?” என்று அழுதேன். “சாமி போற வாயிடா அது” என்றாய், பெரிய பிஷப் மாதிரி.

இந்தக் கதையை என் மனைவியிடம், பிள்ளைகளிடம், கல்லூரியில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

இரண்டாவது அம்மாவின் அடக்கம். நான் நாக்பூரில் தேர்வுப் பணியில் இருந்தேன். செய்தி வந்ததும் கிடைத்த வண்டியில் ஏறினேன். வண்டி நான்கு மணி நேரம் தாமதம். ரயில்வேயில் வேலை பார்க்கிறவன் நீ. என் வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று ஒரு போனில் உனக்குத் தெரிந்துவிடும். ஜங்ஷனில் இறங்கிச் சூரமங்கலம் குவார்ட்டர்ஸுக்கு ஓடி வந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாடகை நாற்காலிகளை ஒருவன் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“ஃபாதருக்கு வேற ஊர்ல பூசைடா. வெயிலு வேற. உடம்பு தாங்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க” என்றாய்.

“எல்லாரும்னா யாரு? நீதான மூத்தவன்?”

தலையைக் குனிந்துகொண்டாய். அந்தக் குனிந்த தலையோடு உன்னைப் பதினோரு வருடம் விட்டுவிட்டேன். பொங்கலுக்கு வரவில்லை, கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. நான் இருக்கும் அயோத்தியாப்பட்டணத்துக்கும் உன் சூரமங்கலத்துக்கும் நடுவே டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

அந்தப் பதினோரு வருடமும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனேன். நன்மை மட்டும் வாங்கவில்லை. கூடப்பிறந்தவன்மேல் பகையை வைத்துக்கொண்டு பீடத்துக்குப் போகக்கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் சேர்ந்துதானே படித்தோம்? அதனால் கடைசிப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பேசிக்கொண்டே வரிசையில் போகிறவர்களையும், வாயில் வாங்கிய கையோடு வாசலுக்கு நடந்து பைக்கை எடுக்கிறவர்களையும் பார்க்கும்போது, இவர்களைவிட எனக்குத்தான் பயபக்தி அதிகம் என்று தோன்றும். வாங்காமல் இருப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இதை இப்போதுதான் எழுத முடிகிறது.

பிறகு அண்ணி போன் செய்தார்கள். “தம்பி, உணவுக்குழாய்ல கட்டிங்களாம். வந்து ஒரு வாட்டி பாத்துட்டுப் போயிருங்க” என்று. நான் வந்தது அந்த முதல் வெள்ளி. கட்டிலில் பாதியாகக் கிடந்தாய். குரல் போய்விட்டிருந்தது, காற்றுதான் வந்தது. மேசையில் அம்மாவின் துணி, இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்திகள், ஒரு டம்ளரில் தண்ணீர். சாமியார் உள்ளே வந்ததும் எல்லாரும் முழங்காலில் நின்றோம். நற்கருணைச் சிமிழைத் திறந்து, இருந்த ஒரே அப்பத்தை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியை உன் நாக்கில் வைத்தார். மறு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க தயாரா இருக்கீங்களா?”

உன்னால் முழுதாக விழுங்க முடியாது, மிச்சத்தை யாராவது வாங்க வேண்டும், அதற்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். நீ தலையணையிலிருந்து கழுத்தைத் திருப்பினாய்.

“வாங்கிக்கடா” என்றாய். காற்றுதான். ஆனால் எனக்குக் கேட்டது.

“நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி ரொம்ப நாளாச்சுங்க ஃபாதர்.”

“அதுக்கென்னங்க, எல்லாரும் அஞ்சு நிமிஷம் வெளிய இருக்கட்டும். எங்கிட்ட இப்பவே பாவத்தைச் சொல்லிரலாம்.”

“இல்லீங்க ஃபாதர். மனசுல இருக்கறதை வெச்சுக்கிட்டு வாங்கறது மரியாதை இல்லீங்க.”

சாமியாரிடம் சொல்வதுபோல உன்னிடம் சொன்னேன். நீ கேட்க வேண்டும் என்றே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னேன். நற்கருணையை எதிரில் வைத்துக்கொண்டு, அதற்குக் காட்டும் மரியாதையையே எடுத்து உன்மேல் எறிந்தேன். சாமியார் அந்தப் பாதியைத் தானே உட்கொண்டு, சிமிழைத் தண்ணீரில் கழுவி, அதையும் குடித்தார். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் மெழுகுச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் போய்விட்டாய். நான் வந்து சேர்ந்தபோது பெட்டி திறந்தே இருந்தது. உன் அலுவலக நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: “நீங்க வர்ற வரைக்கும் மூடக்கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டாருங்க. யாரையும் கிட்ட விடலியே அண்ணி.” உள்ளூரில் இருந்து வருகிறவனுக்கு அப்படி ஒரு சீட்டு. அதற்கு நான் அழுதேன். அதோடு முடிந்தது என்றும் நினைத்தேன்.

முடியவில்லை. போன வாரம் துணியைக் கொடுத்துவிட்டு அண்ணி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு அந்த வெள்ளிக்கிழமைக்கு வந்தது. “பாவம், முழுசா விழுங்கக்கூட முடியாமப் போச்சு அவனுக்கு” என்றேன்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

“யாருங்க சொன்னா? மொத நாளு ராத்திரி கூட அரை இட்லி கரைச்சுக் குடுத்தேன், உள்ள போச்சுங்களே. அவருதான் ஃபாதர்கிட்ட எழுதிக் காட்டுனாரு. ஒன்னே ஒன்னு கொண்டாங்க, ரெண்டாப் பிட்டு ஒரு பாதி என் தம்பிக்குக் குடுங்கன்னு. நீங்க வர்றீங்கன்னதும் நாலு நாளா அதே நெனப்புங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?”

எனக்குத் தெரியாது, அண்ணா.

அண்ணி போன பிறகு பழைய ஆல்பத்தை எடுத்தேன். நம் புதுநன்மைப் படம். எல்லாரையும்விட உயரமாகப் பின்வரிசையில் நீ, கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கிறது. அது மறுவருடப் படம். என் கதையில் நான் எப்போதும் விட்டுவிடுகிற பகுதி அது. பன் தின்றவன் நான் ஒருவன்தான். சிஸ்டர் என்னை வெளியே நிறுத்தியதும் நீயும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு வரிசையை விட்டு வந்தாய். “உனக்கென்னடா வந்துச்சு, போடா” என்று சிஸ்டர் விரட்டினார்கள். “அவன் வாங்குறப்போ வாங்கிக்கறேன்” என்று என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். வெறும் வயிற்றோடு. உன் கால்சட்டை ஒரு வருடம் காத்திருந்து குட்டையாகிப் போனது.

சனிக்கிழமை அதே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

“அண்ணனை மன்னிச்சிட்டீங்களா?”

“மன்னிச்சாச்சுங்க ஃபாதர். அது அப்பவே போயிருச்சு. அவன் என்னை மன்னிச்சானான்னு யார்கிட்டப் போயிக் கேக்கறதுங்க?”

“பிட்டுக் குடுக்கச் சொன்னாரே, அதுக்கு மேல என்னங்க வேணும்?”

“அது நான் மாட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடிங்க.”

அவர் பாவமன்னிப்பு கொடுத்தார். தடை ஒன்றும் இல்லை இனி, தாராளமாகப் போகலாம் என்றார்.

நேற்று உன் ஓராண்டுப் பூசை. வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். சாமியார் அப்பத்தை உயர்த்துவதைப் பார்த்தேன். முழு அப்பம், வட்டமாக. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. எனக்கென்று பிட்டது ஒரு பாதி, அது போய்விட்டது. கால் தானாக ஒதுங்கியது. பின்னால் நின்ற அம்மாள் “ஏனுங்க, முன்னாடி போங்க” என்றார். “நீங்க போங்கம்மா” என்று வழிவிட்டேன். கடைசிப் பெஞ்சுக்கு வந்தேன். இப்போது அங்கே உட்கார்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

வீட்டில் மனைவி காப்பியோடு வந்து, “இன்னைக்காச்சும் வாங்குனீங்களா?” என்றாள். தலையாட்டினேன், இல்லையென்று. துணியை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். மெழுகைச் சுரண்டவில்லை.

அடுத்த ஞாயிறும் வரிசையில் நிற்பேன். கால் நிற்குமா என்று தெரியாது. ஆனால் எழுந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் போவேன், அண்ணா, கோள் சொல்ல நீ இல்லாவிட்டாலும்.